ஃபைபர் படகுக்கு எந்த நுரை?

கட்டுமரத்துக்குள் நீர் புக முடியாது. நீர் புகுவதற்கு அதற்கு ‘உள்’ என்று ஒன்று இல்லை. இலேசான மரக் கட்டைகளை ஒன்றோடொன்று பிணைத்தது அது. அலை புரட்டிப் போட்டாலும் கட்டை மேலேதான் நிற்கும், விழுந்தவர் மறுபடி பிடித்து ஏறிக்கொள்வார். ஃபைபர் படகின் நிலைமை வேறு. கண்ணாடியிழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்து இறுகிய அதன் சுவர், நீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. அது மிதப்பது உள்ளே இருக்கும் வெற்றிடத்தால்தான். ஓர் அலை உள்ளே ஏறி அந்த வெற்றிடத்தை நிரப்பிவிட்டால், படகும் இன்ஜினும் அடிக்குப் போய்விடும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் உடைந்துபோன கட்டுமரங்களுக்குப் பதிலாக வந்தவற்றில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள். வேகம், இழுத்துச் செல்லும் சுமை, வலை வைக்க இடம் என்று எல்லாவற்றிலும் அவை மேல். கட்டுமரத்தோடு போனது ஒன்றே ஒன்று: மூழ்காமை. அதைத் திரும்பப் பெறத்தான் படகின் ஓரங்களிலும் இருக்கைகளுக்கு அடியிலும் நுரையை அடைக்கிறோம். எந்த நுரை, எவ்வளவு, எங்கே என்ற மூன்று கேள்விகளில் படகுக் கொட்டகைகளில் விவாதம் நடப்பது முதல் கேள்வியைப் பற்றி மட்டுமே. உயிர் போவதும் மிஞ்சுவதும் பெரும்பாலும் மற்ற இரண்டில் இருக்கிறது. அதனால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் கொஞ்சம் வரலாறு. மிதவைப் பொருளைப் படகில் வைக்கும் யோசனை பழையது. 1785இல் இங்கிலாந்தில் லயனல் லுக்கின் என்ற வண்டி செய்பவர், தக்கையும் காற்றறையும் வைத்து மூழ்காத படகுக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் சவுத் ஷீல்ட்ஸ் ஊரில் ஹென்றி கிரேட்ஹெட் கட்டிய மீட்புப் படகில் ஏழு ஹண்ட்ரட்வெயிட், அதாவது சுமார் 350 கிலோ தக்கை இருந்தது. தக்கையின் இடத்தைப் பிளாஸ்டிக் நுரை பிடித்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான். டௌ நிறுவனத்தின் ஸ்டைரோஃபோமை அமெரிக்கக் கடலோரக் காவல்படை 1942இல் ஆறு பேர் ஏறும் மீட்புத் தெப்பத்துக்கு எடுத்துக்கொண்டது. வீட்டுக் கூரைக்கு வெப்பத்தடுப்பாக அது புகழ்பெற்றது பிறகு.

அளவுக்கு வருவோம். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை 1.025 கிலோ. ஒரு லிட்டர் நுரையின் எடை 20 முதல் 40 கிராம். ஆகவே நீருக்குள் அமிழ்ந்த ஒரு லிட்டர் நுரை கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தூக்கும். இது எந்த நுரைக்கும் பொருந்தும். “எங்கள் நுரைக்கு மிதப்பு அதிகம்” என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். மிதப்பைத் தருவது கன அளவு. நுரையின் வகை அல்ல.

பதினெட்டு அடிப் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஃபைபர் கூட்டின் எடை 350 கிலோ. நீருக்குள் அது தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கனக்கும்: 120 கிலோ. பத்து குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின் சுமார் 40 கிலோ. இரும்பு நீருக்குள் எடையை அதிகம் இழக்காது; அலுமினியம் கொஞ்சம் இழக்கும், ஆனால் பாதுகாப்புக்காக முழு எடையையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். நங்கூரம், ஈயக்குண்டு, சாமான் 30 கிலோ. நைலான் வலை நீரைவிடச் சற்றே கனம், அதைப் பெரிதாக எண்ண வேண்டாம். பிடித்த மீனும் அப்படித்தான். ஆட்கள் நால்வர், ஆளுக்கு 65 கிலோ. மனித உடல் கிட்டத்தட்ட நீரின் அடர்த்தி கொண்டது. நீர் நிரம்பிய படகில் இடுப்பளவு நனைந்து உட்கார்ந்திருப்பவரின் உடலில் நீருக்கு மேலே நிற்கும் பாதிக்கு மட்டும் கணக்கு: நால்வருக்கு 130 கிலோ. கூட்டினால் 320. பழுதுக்கும் கணக்குப் பிழைக்கும் கால்பங்கு சேர்த்தால் 400 லிட்டர் நுரை வேண்டும். ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள தெர்மாகோல் ஷீட் 25 லிட்டர். அதில் பதினாறு ஷீட். இரண்டு இருக்கைக்கு அடியில் நாலு துண்டைச் செருகிவிட்டு “நுரை போட்டாச்சு” என்று சொல்வதற்கும் இதற்கும் உள்ள தூரம் தெரிகிறது அல்லவா?

மரப் படகுக்கு இந்தக் கணக்கு இன்னும் இளகும், ஏனென்றால் மரம் தானே மிதக்கும்; அங்கே தாங்க வேண்டியது இன்ஜினையும் சாமானையும் ஆட்களையும் மட்டும். அலுமினியப் படகு இதற்கு நேர்மாறு: உலோகம் நீருக்குள்ளும் தன் எடையில் அறுபது சதவீதத்துக்குமேல் கனக்கும்.

இடம் என்பது அளவைவிட முக்கியமானது. அதில்தான் தவறும் அதிகம் நடக்கிறது. தளத்துக்கு அடியில் இடம் வீணாகக் கிடக்கிறதே என்று நுரை முழுவதையும் அங்கே கொட்டுவது வழக்கம். அப்படிப்பட்ட படகு நீர் நிரம்பினால் மூழ்காது, உண்மைதான், ஆனால் கவிழ்ந்துவிடும். காலியான படகை நிமிர்ந்து நிற்க வைப்பது அதன் வடிவம். நீர் உள்ளே நிரம்பியதும் வடிவத்துக்கு அந்த வலு போய்விடுகிறது. அடியில் இருக்கும் நுரை மேலே வரத் துடிக்கும், மேலே இருக்கும் இன்ஜினும் ஆட்களும் கீழே போகப் பார்ப்பார்கள். இரண்டும் சேர்ந்து படகைப் புரட்டிப் போடும். பிறகு வழுக்கும் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டு இரவு முழுக்கக் கிடக்க வேண்டியதுதான்.

நுரை இரு பக்கச் சுவர்களிலும், விளிம்பை ஒட்டி, எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும். நான்கு மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் உயரம், 15 சென்டிமீட்டர் அகலம் கொண்ட பெட்டி பக்கத்துக்கு ஒன்று வைத்தால் 240 லிட்டர் ஆகிறது. மிச்சத்தைப் பின்புறத்தில் இன்ஜினின் இருபக்கமும், கொஞ்சம் முன்புற அணியத்திலும் பிரிக்கலாம். எல்லாவற்றையும் அணியத்தில் அடைத்த படகு, இன்ஜின் பின்னால் இழுக்க, மூக்கை மட்டும் வானத்துக்கு நீட்டிக்கொண்டு செங்குத்தாகத் தொங்கும். வலை வளைக்கும்போது பக்கவாட்டுப் பெட்டி இடைஞ்சல் என்று மீனவர் சொல்வது நியாயமான புகார். படகு கட்டுபவர் அதைத் தீர்க்க வேண்டுமே தவிர, நுரையைத் தளத்துக்கடியில் ஒளித்துவைக்கக் கூடாது.

அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1978 முதல், இருபது அடிக்குக் குறைந்த அவுட்போர்டு படகுகள் நீர் நிரம்பிய பிறகும் நிமிர்ந்து மிதக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. இரண்டு குதிரைத்திறனுக்கு உட்பட்ட சிறு இன்ஜின்களுக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு. ஐரோப்பாவில் ஆறு மீட்டருக்குக் குறைந்த உல்லாசப் படகுகளுக்கு ஐஎஸ்ஓ 12217இன் மூன்றாம் பகுதி. மீன்பிடிப் படகுகளுக்கு எஃப்ஏஓ, ஐஎல்ஓ, ஐஎம்ஓ மூன்றும் சேர்ந்து 2012இல் வெளியிட்ட பரிந்துரைகள் உண்டு. இவற்றில் எதையும் நம் கரையில் யாரும் கையில் வைத்துக்கொண்டு படகு கட்டுவதில்லை. ஆனால் அமெரிக்க விதியில் ஒரு சோதனை மட்டும் நமக்கு அப்படியே உதவும்: நுரையைப் பெட்ரோல் ஆவியில் முப்பது நாள் வைத்தாலும் அதன் மிதப்பு ஐந்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. இன்ஜின் பக்கத்தில் இருக்கும் நுரையைப் பெட்ரோலில், எண்ணெயில், துப்புரவுக் கரைசலில் ஊறவைத்தும் பார்க்கச் சொல்கிறது. நுரையின் முதல் எதிரி நீர் அல்ல, எரிபொருள்தான்.

அந்த எதிரியிடம் முதலில் தோற்பது தெர்மாகோல். பொரி உருண்டையைப் போல, தனித்தனி மணிகள் ஊதிப் பெருகி ஒன்றோடொன்று ஒட்டியது அது. மணிக்குள் நீர் புகாது, மணிகளுக்கு இடையிலான சந்தில் புகும். தெர்மாகோல் என்றதும் 2017இல் வைகை அணையில் நீர் ஆவியாகாமல் இருக்க மிதக்கவிட்டவை காற்றில் கரை ஒதுங்கியது தமிழ் வாசகர் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் மீனவர் கைகளில் அது கேலிக்குரிய பொருளாக இருந்ததில்லை. வலைக்கு மிதவை, மீனுக்கு ஐஸ் பெட்டி, பாக் நீரிணை ஓரங்களில் ஒற்றை ஆள் ஏறும் தெப்பம் என்று அது பல வேலை செய்கிறது. இலங்கைத் தமிழர் ரெஜிபோம் என்பதும் இதுதான். மலிவு, எங்கும் கிடைக்கும், கத்தியால் அறுக்கலாம். ஆனால் பெட்ரோல் ஒரு கரண்டி சிந்தினால் அந்த இடத்தில் குழி விழும். மண்ணெண்ணெயும், அவ்வளவு விரைவாக இல்லாவிட்டாலும், அதைக் கரைக்கும். மானிய மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின்கள் உள்ள கரையில் இதை மறக்க முடியாது. ரெசினும் அப்படியே: பாலியெஸ்டர் ரெசினில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஸ்டைரீன் திரவம். தெர்மாகோலின் மேல் நேராகக் கண்ணாடியிழை மேட் விரித்து ரெசின் பூசினால் உள்ளே இருப்பது சுருங்கி, வெறும் கூடு மட்டும் நிற்கும். மேலே பார்த்தால் பெட்டி முழுசாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பாலித்தீன் தாள் சுற்றிவிட்டு ரெசின் பூசலாம். எப்பாக்ஸி பூசினால் தெர்மாகோல் கரையாது, விலைதான் கடிக்கும். எறும்பும் எலியும் இதில் குடியேறுவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே பாலிஸ்டைரீனை மணியாக ஊதாமல், உருக்கி ஒரே சீராகப் பலகையாக இழுத்தால் கிடைப்பது எக்ஸ்பிஎஸ் போர்டு. மொட்டை மாடி வெப்பத்தடுப்புக்கு இப்போது நகரங்களில் விற்கிறார்கள். மணிகளுக்கு இடையே சந்து இல்லாததால் நீர் குடிப்பது மிகக் குறைவு: ஒரு மாதம் நீரில் ஊறவைக்கும் ஆய்வுக்கூடச் சோதனையில் தெர்மாகோல் சில சதவீதம் குடிக்கும்போது, நல்ல எக்ஸ்பிஎஸ் ஒரு சதவீதத்துக்கும் கீழே நிற்கும். கெட்டியானது, நொறுங்காது. பெட்ரோலுக்கும் ஸ்டைரீனுக்கும் மட்டும் இதுவும் தெர்மாகோலின் உடன்பிறப்பே.

தொலைக்காட்சிப் பெட்டியோடு வரும் வளைந்துகொடுக்கும் வெள்ளை நுரை, ஈபிஈ. பாலித்தீனால் ஆனது, பெட்ரோல் அதைக் கரைக்காது. உயிர்காப்பு மேலங்கிகள் பலவற்றில் இதே இன நுரைதான். மிதித்தால் அமுங்கி எழும், உடையாது. பசை ஒட்டாது என்பது ஒரு குறை, ஆனால் கயிற்றாலோ பட்டையாலோ கட்டிவைக்கும் நுரைக்கு அது குறையே அல்ல. தொடர்ந்து கனம் ஏற்றிவைத்தால் மெல்லத் தட்டையாகிவிடும், ஆகவே தளத்தைத் தாங்கும் வேலையை இதற்குக் கொடுக்கக் கூடாது. பொதிவதற்கான மட்டமான ரகத்தைவிட, குமிழ்க் கண் சிறியதும் அடர்த்தி கூடியதுமான குறுக்குப்பிணைப்பு ரகம் நல்லது. பிவிசி நுரையும் பால்சா மரமும் இந்தப் பட்டியலில் வர வேண்டியவை அல்ல. அவை சுவருக்குக் கட்டுறுதி கொடுக்க நடுவில் வைக்கும் பொருள், அவற்றின் விலைக்கு மிதப்பு வாங்குவது வீண்.

இனி பஃப். கொட்டகைகளில் பாலியூரித்தேன் நுரைக்கு இதுதான் பெயர். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் கண்ட வேதியியல். இரண்டு திரவங்களைச் சம அளவில் கலந்து குழிக்குள் ஊற்றினால், ஒரு நிமிடத்துக்குள் பொங்கத் தொடங்கி, இருபத்தைந்து முப்பது மடங்கு பெருகி, மூலைமுடுக்கெல்லாம் நிறைந்து இறுகும். வெட்ட வேண்டாம், கட்ட வேண்டாம். பெட்ரோல் சட்டென்று கரைக்காது. சுவரோடு ஒட்டிக்கொள்வதால் படகும் விறைப்பாகும். இதன் புகழுக்குக் காரணம் ஒரு படகு: 1958இல் அமெரிக்காவில் டிக் ஃபிஷர் விற்பனைக்குக் கொண்டுவந்த பதின்மூன்று அடி பாஸ்டன் வேலர். இரண்டு ஃபைபர் கூடுகளுக்கு நடுவே முழுக்கப் பஃப். 1961இல் லைஃப் இதழில் வந்த படங்களில், ஃபிஷர் உட்கார்ந்திருக்க, படகை ரம்பத்தால் குறுக்கே இரண்டாக அறுக்கிறார்கள். அறுபட்ட துண்டும் மிதக்கிறது. விளம்பரம் என்றால் அதுதான் விளம்பரம். அதைப் பார்த்த பிறகு உலகெங்கும் படகு கட்டுபவர்கள் பஃப் ஊற்றத் தொடங்கினார்கள்.

ஆனால் அந்தப் படகு தொழிற்சாலையில், அச்சுக்குள், இரு கூடுகளையும் இறுகப் பிடித்துவைத்து ஊற்றியது. கொட்டகையில் பழைய படகின் தளத்தில் ஓட்டை போட்டு ஊற்றுவது வேறு வேலை. பொங்கும் நுரையின் அழுத்தம் சுவரைப் பிதுக்கும். ஒரே நேரத்தில் அதிகம் ஊற்றினால் உள்ளே வெப்பம் ஏறி நடுப்பகுதி கருகும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்று ஆறிய பிறகு அடுத்தது என்று ஊற்ற வேண்டும். குழியில் ஈரம் இருந்தால் திரவம் அந்த நீரோடு வினைபுரிந்து கண்கள் பெரிதாகித் திறந்துகொள்ளும். திறந்த கண் நீர் குடிக்கும். நம் கடலோர ஈரக்காற்றும் நண்பகல் வெயிலும் இந்த வேலைக்கு உகந்தவை அல்ல. பிதுங்கிய நுரையைச் சீவினால் மேலே இறுகியிருக்கும் தோல் போய்விடுகிறது. அந்தத் தோல்தான் நீருக்கு முதல் தடை. கலப்பவருக்கும் ஆபத்து உண்டு. அந்த இரு திரவங்களில் ஒன்றான ஐசோசயனேட்டின் ஆவி நுரையீரலுக்கு ஆகாது, சிலருக்கு வாழ்நாள் ஆஸ்துமாவைக் கொடுத்துவிடும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது முகமூடி ஆகாது. எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு. இந்த நுரையைப் பொங்க வைக்கப் பயன்பட்ட ஹெச்சிஎஃப்சி-141பி என்ற வாயுவை ஓசோனுக்காக 2020இலிருந்து இந்தியா கைவிட்டது. இப்போது கிடைப்பது வேறு கலவை, பழைய கைப்பக்குவம் அதற்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் மிஞ்சும் குறை ஒன்று உண்டு, என் கண்ணில் அதுவே பெரியது: ஊற்றிய பஃபைத் திரும்ப எடுக்க முடியாது. அதன் கண்கள் பெரும்பாலும் மூடியவை, பத்து சதவீதம்வரை திறந்தவை. வெயிலில் தளம் கொதிக்க, அடியில் கடல் குளிர்ந்திருக்க, நீராவி சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குக் கண் கண்ணாக ஊடுருவிச் சென்று நீராகத் தங்கிவிடும். அலையில் படகு அடிபடும்போது கண்சுவர்கள் நொறுங்கும். தளத்தில் அடித்த திருகாணி ஒவ்வொன்றும் ஒரு வாசல். நுரை படகின் அடிவரை நிறைந்திருந்தால் உள்ளே புகுந்த நீர் வடியவும் வழி இல்லை. 400 லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு நீர் ஊறினாலே 80 கிலோ: யாருக்கும் தெரியாமல் ஒருவர் கூடுதலாக ஏறிக்கொண்ட மாதிரி. படகு மெதுவாகப் போகிறது, எரிபொருள் அதிகம் குடிக்கிறது என்று இன்ஜினைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஊறிய நுரை அமிழும்போது அந்த 80 கிலோ மிதப்பும் இல்லை.

கட்டுமரக்காரர்களுக்கு இது தெரிந்த நோய். கடலிலிருந்து வந்ததும் கட்டைகளை அவிழ்த்து மணலில் காயப் போடுவது வெறும் ஒழுங்குக்காக அல்ல. ஊறிய கட்டை கனக்கும், தாழ்ந்து மிதக்கும். காய வைக்க முடிந்ததால்தான் கட்டுமரம் அத்தனை காலம் நின்றது. நுரைக்கும் அதே விதியை வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. கழற்ற முடிகிற, தராசில் வைக்க முடிகிற, காய வைத்துத் திரும்ப மாட்ட முடிகிற நுரையே நம் கரைக்கு ஏற்றது. எக்ஸ்பிஎஸ் அல்லது ஈபிஈ கட்டைகளை, மூடி திறக்கும் பக்கப் பெட்டிகளில், அடியில் இரண்டு விரல் உயரம் நீர் வடிய இடம் விட்டுப் பட்டையால் கட்டிவைப்பது. இன்ஜின் பக்கத்துப் பெட்டியில் ஈபிஈ மட்டும். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து எடை போட்டால் எது ஊறியது என்று தெரிந்துவிடும்.

மூடி இறுகிய பிளாஸ்டிக் கேன்களையும் குளிர்பான பாட்டில்களையும் பெட்டிக்குள் அடைப்பவர்கள் உண்டு. இதை ஏளனம் செய்ய மாட்டேன். இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டு கிலோ தூக்கும், பெட்ரோலுக்கு அஞ்சாது, ஒன்று ஓட்டையானாலும் மற்றவை இருக்கும். இடையில் சந்து விழுவதால் பெட்டியின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு வீணாகும் என்பதே குறை. ஆனால் படகின் சுவரையே ஒரு பக்கமாகக் கொண்ட வெற்றுக் காற்றறையை நம்ப வேண்டாம். சுவரில் விரிசல் விழும் நாளன்றுதான் அது தேவைப்படும், அன்றைக்கு அதுவும் நிரம்பியிருக்கும். அமெரிக்க விதியும் இப்படிப்பட்ட அறைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் உண்டு. கழற்றும் கட்டையைக் கழற்றிவிட்டு அங்கே வலையையும் சாப்பாட்டுத் தூக்கையும் வைத்துவிடுவார்கள், ஊற்றிய நுரையை யாரும் அகற்ற முடியாது என்பது ஒன்று. உண்மை, இதற்குப் பதில் பட்டைப் பூட்டுத்தானே தவிர வேறில்லை. இரண்டாவது, திறந்த நுரை உடைந்து துகளாகிக் கடலில் கலக்கும் என்பது. இது தெர்மாகோலுக்குச் சாலப் பொருந்தும். வெயிலில் மஞ்சளாகித் தூளாகும் மணிகளை எந்த மீன்பிடித் துறைமுகத்தின் மணலிலும் அள்ளலாம். தென்கொரியா மீன்வளர்ப்புப் பண்ணைகளில் தெர்மாகோல் மிதவைகளைப் புதிதாக வைப்பதைப் படிப்படியாகத் தடைசெய்துவிட்டது. உறையில்லாத தெர்மாகோலைப் படகில் வைக்க இனி எந்த நியாயமும் இல்லை.

புதுப் படகு எடுப்பவருக்கு ஒரு வேண்டுகோள். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், இன்ஜின் எடைக்குச் சமமான எடையைப் பின்புறத்தில் கட்டி, அமைதியான உப்பங்கழியில் கழுத்தளவு நீரில் படகை நிறுத்தி, விளிம்புவரை நீர் நிரப்பச் சொல்லுங்கள். பிறகு நால்வர் உள்ளே ஏறி, இருவர் ஒரே பக்கம் சாய்ந்து பாருங்கள். படகு நிமிர்ந்து நிற்கிறதா, அணியமும் பின்புறமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, விளிம்பு நீருக்கு மேலே தெரிகிறதா என்று பாருங்கள். கட்டுபவர் மறுத்தால் அந்தப் படகை வாங்காதீர்கள்.